எண்ணிக்கையில் வராத பிள்ளை

2018 ஆகஸ்டில் மகளை கிண்டர்கார்டனில் சேர்க்கப் போனேன். கலிபோர்னியாவில், சாண்டா கிளாரா கவுண்டியில் ஒரு சாதாரணப் பொதுப் பள்ளி. அலுவலகத்தில் கொடுத்த காகிதக் கட்டில் ‘ஹோம் லாங்குவேஜ் சர்வே’ என்று ஒரு தாள் இருந்தது. நான்கே கேள்விகள். குழந்தை முதலில் பேசக் கற்ற மொழி எது? வீட்டில் அதிகம் பேசுவது எந்த மொழி? நீங்கள் குழந்தையோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள்? வீட்டுப் பெரியவர்கள் தங்களுக்குள் எந்த மொழியில் பேசுகிறார்கள்? நான்குக்கும் நேராக ‘இங்கிலீஷ்’ என்று எழுதினேன்.

நான்கும் பொய். அந்தத் தாளை நான் நிரப்பிக்கொண்டிருந்தபோதே என் முந்தானையைப் பிடித்து இழுத்து, “அம்மா, எப்போ வீட்டுக்குப் போலாம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள் அவள். ஆனால் தோழிகள் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். “தமிழ்னு எழுதிடாதே. டெஸ்ட் வைப்பாங்க. இங்கிலீஷ் தெரியாத பிள்ளைன்னு முத்திரை குத்திடுவாங்க. அப்புறம் அது போகவே போகாது.” வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவுரையை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் ஆசிரியை அழைத்தார். மகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றார். கதை நேரத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கழிவறைக்குப் போக வேண்டும் என்பதைக்கூடக் கையைக் காட்டித்தான் சொல்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

படிவத்தைத் திருத்திக் கொடுத்தேன். எல்பாக் என்ற தேர்வு வைத்தார்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு பகுதி. ‘ஆங்கிலம் கற்கும் மாணவர்’ என்ற பட்டியலில் சேர்த்தார்கள். தினமும் சிறு குழுவாக உட்காரவைத்துப் பேசப் பழக்கினார்கள். மூன்றாம் வகுப்பில் அவள் அந்தப் பட்டியலைவிட்டு வெளியே வந்துவிட்டாள். அழியாது என்று பயமுறுத்தப்பட்ட முத்திரை அது. பள்ளியின் தேர்வு, ஆசிரியர் மதிப்பீடு, பெற்றோரின் கருத்து எல்லாம் சேர்ந்துதான் பிள்ளையை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

நான் எழுத வந்தது இதை மட்டும் அல்ல. படிவத்தைத் திருத்திக் கொடுத்த அன்று அலுவலகத்தில் இருந்த பெண்மணி சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது. “இது உங்க பிள்ளைக்கு மட்டும் இல்லை. இதை வைத்துத்தான் பள்ளிக்கூடத்துக்குப் பணம் வருது.” அன்று அது புரியவில்லை. புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

இந்த ஊரில் பள்ளிக்கூடப் பணம் என்பது பழைய சண்டை. நெடுங்காலம் பெரும்பாலும் அந்தந்த ஊர் வீட்டு வரியில்தான் அந்தந்த ஊர்ப் பள்ளி நடந்தது. 1968-69ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் பால்ட்வின் பார்க் என்ற எளியவர் ஊர், சொத்து மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 5.48 டாலர் பள்ளி வரி கட்டியது. பெவர்லி ஹில்ஸ் கட்டியது 2.38 டாலர். பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செலவானதோ, பால்ட்வின் பார்க்கில் 577 டாலர், பெவர்லி ஹில்ஸில் 1,232 டாலர். இரண்டு மடங்குக்கு மேல் வரி விகிதம் கட்டியவன் பிள்ளைக்குப் பாதிகூட இல்லை. வீட்டின் விலை அப்படி. நிலம் விளையாத ஊரில் எவ்வளவு உழுதால் என்ன?

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் வசித்த ஜான் செரானோ என்ற தகப்பனார் தன் மகன் படித்த பள்ளியில் போய்க் கேட்டபோது, “நல்ல பள்ளி வேண்டுமென்றால் வேறு ஊருக்குக் குடிபோங்கள்” என்று தலைமையாசிரியர் சொன்னதாகச் சொல்வார்கள். அவர் பெயரில் நடந்த வழக்கில் 1971இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், பிள்ளையின் கல்வி அக்கம்பக்கத்து வீடுகளின் விலையைப் பொறுத்து அமைவது சரியல்ல என்ற திசையில் தீர்ப்பளித்தது. இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. வேறு ஊருக்குக் குடிபோவதுதானே இங்கே நம்மவர்கள் எல்லாரும் செய்வது? வீடு பார்க்கும்போது சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் பள்ளியின் ரேட்டிங்கைப் பார்க்கிறோம். நாங்களும் பார்த்தோம். கையில் பணம் இல்லாததால்தான் போகவில்லை.

1978இல் ப்ரொபோசிஷன் 13 வந்தது. வீட்டு வரி சொத்து மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, வீடு கைமாறும் வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்று மக்களே வாக்களித்துச் சட்டமாக்கினார்கள். அதன்பின் பள்ளிக்குப் படியளப்பது பெரும்பாலும் மாநிலம் என்றானது. ஆனால் மாநிலம் கொடுத்த பணம் பழைய கணக்கையே சுமந்துகொண்டு வந்தது. கூடவே நாற்பதுக்கும் மேற்பட்ட தனித்தனித் திட்டங்கள். கோயிலில் வரிசையாக உண்டியல் வைத்திருப்பதுபோல ஒவ்வொன்றும் ஒரு காரியத்துக்கு. அன்னதான உண்டியலில் விழுந்த காசைத் திருப்பணிக்கு எடுக்க முடியாது. எந்தப் பள்ளிக்கு ஏன் எவ்வளவு வருகிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியாத நிலை.

2013 ஜூலை 1 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரௌன் கையெழுத்திட்ட சட்டம் அந்த உண்டியல்களில் பெரும்பாலானவற்றை உடைத்து ஒன்றாக்கியது. ‘லோக்கல் கண்ட்ரோல் ஃபண்டிங் ஃபார்முலா’ என்று பெயர், எல்.சி.எஃப்.எஃப். என்பார்கள். அடிப்படை எளிது. எல்லாப் பிள்ளைக்கும் ஓர் அடிப்படைத் தொகை. அதற்குமேல் மூன்று வகைப் பிள்ளைகளுக்குக் கூடுதல்: குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், பெற்றோரைப் பிரிந்து அரசின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள். ஒரே பிள்ளை மூன்றிலும் வந்தாலும் ஒருமுறைதான் எண்ணப்படும்.

கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் விளங்கும். 2023-24இல் நான்கு முதல் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அடிப்படைத் தொகை 10,069 டாலர். எளிமைக்காக 10,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று வகையில் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20 விழுக்காடு, அதாவது 2,000 டாலர் கூடுதல். பள்ளி மாவட்டத்தில், அதாவது ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் நிர்வாகத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகள் 55 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு மட்டும் இன்னொரு தொகை. அந்தத் தொகை முதலில் அடிப்படைத் தொகையில் 50 விழுக்காடாக இருந்தது, 2021-22இலிருந்து 65. நூறு பிள்ளைகள், அதில் 75 பேர் இந்த வகை என்றால், 75 பேருக்கு 1,50,000 டாலர். 55ஐத் தாண்டிய 20 பேருக்கு 1,30,000 டாலர். ஏழ்மை ஓரிடத்தில் குவிந்திருந்தால் பாரம் இரட்டிப்பாகும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

இப்போது அந்த 75 பேரில், ஆங்கிலம் கற்கும் பிள்ளை என்ற ஒரே காரணத்தால் எண்ணப்படும் ஒருத்தியின் தாய், வாட்ஸ்அப்பை நம்பி, படிவத்தில் ‘இங்கிலீஷ்’ என்று எழுதிவிடுகிறாள். 75 என்பது 74 ஆகிறது. 2,000 போச்சு, 55க்கு மேலான பங்கில் 6,500ம் போச்சு. ஒரு தாளுக்கு 8,500 டாலர். மூன்றாண்டுச் சராசரி எடுப்பதால் ஒரே ஆண்டில் முழுதாக வெளியே தெரியாது, மூன்று ஆண்டுக்கும் பிரிந்து விழும். பள்ளி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பெண்மணி இதை எனக்கு ஒரு பழைய உறையின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன்.

பணத்துக்காகப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லச் சொல்கிறேனா? இல்லை. உண்மையை எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். வீட்டில் தமிழ் பேசினால் தமிழ் என்று எழுதுங்கள். பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாக வந்தால் முதல் தேர்விலேயே தேர்ச்சி பெற்று அந்தப் பட்டியலுக்குள் போகாமலே இருப்பான். என் மகன் அப்படித்தான். அக்காவின் புத்தகங்களுக்கு நடுவில் வளர்ந்தவன். ‘தமிழ்’ என்று எழுதிக் கொடுத்தேன், தேர்வு வைத்தார்கள், தேறிவிட்டான், அதோடு முடிந்தது. தேவைப்படுகிற பிள்ளைக்கு உதவி கிடைக்கும், தேவைப்படாத பிள்ளைக்கு எந்த நட்டமும் இல்லை.

அடுத்த பாடம் எனக்குக் கல்யாண வீட்டிலிருந்து வந்தது. 2023 தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பது கலிபோர்னியாவுக்குத் தெரியுமா? குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகும் நாங்கள் விருதுநகரில் இருந்தோம். வகுப்பு ஆசிரியைக்கு மின்னஞ்சல் அனுப்பியாகிவிட்டது, விடுப்பு சொல்லியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். திரும்பி வந்ததும் அலுவலகத்தில் கேட்டார்கள்: “போவதற்கு முன் இன்டிபென்டென்ட் ஸ்டடி ஒப்பந்தம் ஏன் கேட்கவில்லை?”

கலிபோர்னியாவில் பள்ளிக்குப் பணம், சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வருவதில்லை. தினமும் வந்திருந்த பிள்ளைகளின் சராசரிக்கு வருகிறது. காய்ச்சலா, கல்யாணமா, காரணம் எதுவானாலும் வராத நாள் வராத நாள்தான். ‘எக்ஸ்க்யூஸ்டு’ என்று பதிவாவது பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதம் வராமல் காக்கும், பள்ளியின் பணத்தைக் காக்காது. நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு பள்ளியில் முப்பது பேர் இருந்து, ஆளுக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால் முந்நூறு நாள். கிட்டத்தட்ட இரண்டு பிள்ளைகள் ஆண்டு முழுவதும் வராத கணக்கு. ஆசிரியர் சம்பளமோ மின்கட்டணமோ அதற்காகக் குறைவதில்லை.

இதற்கு வழி இருக்கிறது. ஊருக்குப் போவது முடிவானதுமே அலுவலகத்தில் சொல்லி, குறுகிய கால இன்டிபென்டென்ட் ஸ்டடி கேட்க வேண்டும். எங்கள் பள்ளியில் இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்கச் சொல்கிறார்கள். ஆசிரியர் பாடம் கொடுப்பார், நாம் கையெழுத்திட வேண்டும், பிள்ளை செய்து முடித்துத் திருப்பிக் கொடுத்தால் அந்த நாட்கள் வருகையாக எண்ணப்படும். செய்யாமல் கொண்டுவந்தால் எண்ணப்படாது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது பாட்டி வீட்டுத் திண்ணையில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் இரண்டு பேரையும் உட்காரவைத்தேன். என் அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. “லீவுக்கு வந்த பிள்ளைகளை ஏன்டி வதைக்கே?” என்றாள். காரணத்தைச் சொன்னதும் அவளே முறுக்குத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது விஷயத்தை எழுதத் தொடங்கினால் எனக்குக் குரல் கம்மும். 2022-23 முதல் கலிபோர்னியாவில் எல்லாப் பொதுப் பள்ளிப் பிள்ளைக்கும் காலை உணவும் மதிய உணவும் இலவசம். வருமானம் கேட்பதில்லை, படிவம் கேட்பதில்லை. நான் சத்துணவுத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். வரிசையில் நிற்கிற பிள்ளை ஏழைப் பிள்ளை என்று அடையாளம் தெரியாமல் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதில் யாரும் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. முன்பெல்லாம் இலவசச் சாப்பாட்டுக்காக நிரப்பிய வருமானப் படிவத்தை வைத்துத்தான் பெரும்பாலும் குறைந்த வருமானப் பிள்ளைகளைப் பள்ளிகள் எண்ணின. இப்போது சாப்பாடு எப்படியும் கிடைக்கிறது, அப்புறம் யார் படிவம் நிரப்புவார்கள்? படிவம் வராவிட்டால் அந்தப் பிள்ளை அரசின் கணக்கில் வசதியான பிள்ளை.

2023 ஆகஸ்டில் பதிவு நாளன்று பள்ளி முற்றத்தில் ஒரு மேசை போட்டு, இந்தப் படிவத்தை நிரப்ப உதவலாம் என்று நான்கு தாய்மார்கள் உட்கார்ந்தோம். ஸ்பானிஷ் பேசும் இரண்டு பேர், வியட்நாமியப் பெண் ஒருவர், நான். மூன்று மணி நேரத்தில் நான் கற்றது, படிவம் நிரப்பாததற்குச் சோம்பல் காரணமே இல்லை என்பது. சிலருக்குப் பயம். இந்தத் தாள் குடியேற்ற அதிகாரிகளிடம் போய்ச் சேருமோ என்று. எங்கள் மாவட்டப் படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கவே இல்லை என்று கோடு கோடாகப் படித்துக் காட்டினோம். சிலருக்கு நேரமில்லை, இரண்டு வேலை பார்க்கிறவர்கள். நம்மவர்களுக்கோ மானம்.

உணவகத்தில் சமையல் வேலை பார்க்கும் திண்டுக்கல் பக்கத்துத் தம்பி ஒருவர் மனைவியோடு வந்தார். படிவத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “இல்லக்கா, அதெல்லாம் வேண்டாம். எங்களுக்குக் கடவுள் புண்ணியத்துல குறை ஒண்ணும் இல்ல. கஷ்டப்படுறவங்களுக்குப் போகட்டும்” என்றார். அந்த மனசை நான் எப்படிக் குறை சொல்வேன்? என் அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்தப் பெண்தான் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் சொன்னேன்: “தம்பி, இதுல உங்களுக்கு ஒரு காசு வராது. பள்ளிக்கூடத்துக்குத்தான் வரும். நீங்க எழுதலைன்னா, கஷ்டப்படுறவங்களுக்குப் போக வேண்டியதுல ஒரு பங்கு குறையும். நீங்க சொன்னதுக்கு நேர் எதிராத்தான் ஆகும்.” அவர் யோசித்தார். அந்தப் பெண் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

படிவம் நிரப்பச் சொல்லும்போது ‘உங்களுக்கு உதவி’ என்று தொடங்கினால் நம்மவர்கள் விலகிப் போகிறார்கள் என்பது அன்று புரிந்தது. ‘பள்ளிக்கு நீங்கள் செய்யும் உதவி’ என்றால் நிற்கிறார்கள். அதுதான் உண்மையும்கூட. அக்டோபர் முதல் புதன்கிழமை மாநிலம் முழுக்கத் தலை எண்ணும் நாள். அதற்கு முன் இந்தத் தாள்கள் உள்ளே போனால்தான் பள்ளி அலுவலகத்தில் நிம்மதி. செப்டம்பர் கடைசி வாரம் வரை வீட்டு மேசையில் கிடக்கும் தாள் ஒன்று உங்களிடம் இருந்தால், இன்றே கொடுத்துவிடுங்கள்.

பணம் வருவது ஒரு பாதி. வந்த பணம் எங்கே போகிறது என்பது மறுபாதி. சட்டம் பணத்தைப் பள்ளி மாவட்டத்தின் கையில் கொடுத்து, அந்தப் பிள்ளைகளுக்காகச் செலவழியுங்கள், எப்படி என்று நீங்களே முடிவு செய்யுங்கள், ஆனால் பெற்றோரிடம் கேட்டு, எழுதிவைத்துச் செய்யுங்கள் என்கிறது. அந்த எழுத்துதான் ‘எல்கேப்’ என்னும் திட்டம். மூன்றாண்டுத் திட்டம், ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள், ஜூலை 1க்குள் ஸ்கூல் போர்டு நிறைவேற்ற வேண்டும். நூறு பக்கத்துக்கு மேல் போகும். முதன்முதல் திறந்தபோது நான் மூன்று பக்கத்தில் மூடிவிட்டேன்.

பிறகு ஒருவர் வழி சொன்னார்: முன்னால் இருக்கும் ‘பட்ஜெட் ஓவர்வியூ ஃபார் பேரன்ட்ஸ்’ என்ற சில பக்கங்களை மட்டும் முதலில் படி. அதில் மொத்த வரவு எவ்வளவு, அந்த மூன்று வகைப் பிள்ளைகளால் வந்த கூடுதல் எவ்வளவு, போன ஆண்டு அவர்களுக்காகச் செலவழிப்பதாகச் சொன்னது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு என்று படத்தோடு இருக்கும். கடைசி இரண்டு எண்களுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் அங்கே விரல் வையுங்கள்.

2023 இலையுதிர் காலத்தில் நான் பெற்றோர் ஆலோசனைக் குழுவில் சேர்ந்தேன். யாரும் போட்டி போடவில்லை. கையைத் தூக்கினேன், எடுத்துக்கொண்டார்கள். பிப்ரவரி முடிவதற்குள் மாவட்டம் ஒரு நடுவாண்டு அறிக்கையைப் பொதுக் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அறிக்கையில்தான் பார்த்தேன். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று தனி ஆசிரியர்கள் நியமிப்பதாகத் திட்டத்தில் இருந்தது, செலவு நெடுவரிசையில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. என் மகன் அப்போது இரண்டாம் வகுப்பு. பேச்சில் கெட்டிக்காரன், வாசிப்பில் திணறிக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபம் பொதுநலக் கோபம் மட்டும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்தில் எழுந்து பேசினேன், குரல் நடுங்கியது. நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வாயால் கேட்டது காற்றோடு போகும் என்று குழுவில் மூத்த ஒரு தாய் சொன்னார். ஆலோசனைக் குழு எழுத்தில் கொடுக்கும் கருத்துக்குப் பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே குழுவின் பெயரில் எழுதினோம். உணர்ச்சி எதுவும் சேர்க்கவில்லை. எந்தப் பக்கம், எந்தச் செயல், ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மீதி எங்கே போகும், அடுத்த ஆண்டு அதே பிள்ளைகளுக்கே செல்லுமா? இவ்வளவுதான்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 2019 நவம்பரில் மாநிலத் தணிக்கையாளர் அலுவலகம் இந்தச் சட்டத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கென்று வரும் பணம் அந்த ஆண்டு செலவாகாமல் நின்றுவிட்டால், மறு ஆண்டு அது பொதுப்பணமாகக் கலந்துவிட இடம் இருக்கிறது என்று சுட்டிக்காட்டியது. அதன்பின் 2021இல் விதியை இறுக்கினார்கள். செலவாகாத பங்கைக் கணக்கெடுத்து, மறு ஆண்டும் அதே பிள்ளைகளுக்கான சேவையாகவே கொடுத்துத் தீர்க்க வேண்டும். நல்ல சட்டத்திலும் ஓட்டை இருக்கும். யாராவது பார்த்துச் சொன்னால்தான் அடைபடும்.

ஜூன் மாதப் பொது விசாரணைக்கு முன் பதில் வந்தது. தகுதியான ஆட்கள் கிடைக்கவில்லை என்றது. மீதித் தொகை அதே பிள்ளைகளுக்காக அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்படும், புதிய திட்டத்தில் இரண்டு பள்ளிகளுக்கு வாசிப்பு ஆசிரியர்கள் நியமிக்கப்படுவார்கள் என்றும் இருந்தது. அந்த இரண்டில் எங்கள் பள்ளி இல்லை.

அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. கேட்டது நான், எழுதியது நான், கிடைத்தது வேறு யாருக்கோ. காலையில் அந்த இரண்டு பள்ளிகளின் விவரத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்று நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் வாடகையைப் பங்கிட்டு வாழும் பகுதி. குறைந்த வருமானப் பிள்ளைகளின் விழுக்காடு எங்கள் பள்ளியைவிட மிகவும் அதிகம். என் மகனுக்கு இரவு சாப்பாட்டுக்குப் பின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லித்தர நான் இருக்கிறேன். இரவு ஷிப்டுக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? எந்தச் சட்டத்தை நான் இத்தனை நாள் மேசை போட்டு விளக்கிக்கொண்டிருந்தேனோ, அது என்னிடமே வந்து கேட்ட கேள்வி இது. தேவை அதிகம் உள்ள இடத்துக்கு முதலில் போகட்டும் என்பதை அடுத்தவர் பிள்ளை விஷயத்தில் சொல்வது சுலபம். என் பிள்ளை விஷயத்தில் அதை ஏற்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

இந்தச் சட்டத்தால் தீராதது ஒன்றும் இருக்கிறது. வீட்டு வரியே மாநிலக் கணக்கைத் தாண்டிவிடும் வசதியான மாவட்டங்கள், மிஞ்சுவதைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். ‘பேசிக் எய்ட்’ மாவட்டங்கள் என்பார்கள். பாலோ ஆல்டோ அப்படிப்பட்டது. எங்கள் கவுண்டியிலேயே இன்னும் சில உண்டு. அதற்கு மேல் பெற்றோர் நன்கொடை. அங்கே குடிபோன என் தோழிகளை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைக்கு நல்லது தேடாத பெற்றோர் யார்? ஆனால் ஒவ்வொருவரும் ரேட்டிங்கைப் பார்த்துக் குடிபோகும்போது அங்கே வீட்டு விலை ஏறுகிறது, வரி ஏறுகிறது, செரானோவிடம் அந்தத் தலைமையாசிரியர் சொன்ன வாக்கியம் இன்னும் கொஞ்சம் உண்மையாகிறது. 2013 சட்டம் கீழே இருப்பவரைத் தூக்கிவிடுகிறது. மேலே இருப்பவரை அது தொடவில்லை. பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ரக்கர் ஜான்சனின் ஆய்வுகள், இந்தப் பணம் போன இடங்களில் ஏழைப் பிள்ளைகள் பள்ளியை முடித்து வெளிவருவது கூடியிருக்கிறது என்று காட்டுகின்றன. தூக்கிவிடுவது வீண் இல்லை என்பதற்கு அது போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியில் 15 விழுக்காட்டினர் பேசும் மொழியென்றால்தான் பெற்றோருக்கான காகிதங்களை அந்த மொழியில் பெயர்த்துத் தர வேண்டும் என்பது சட்டம். தமிழ் எந்தப் பள்ளியிலும் அந்த அளவை எட்டுவதை நான் பார்த்ததில்லை. ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டியோ, ஆங்கிலம் படிக்கத் தயங்கும் தாயோ அந்தக் காகிதக் கட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டில் அப்படி யாராவது இருந்தால், ஒரு காபி நேரம் போதும்.

வரும் ஆகஸ்டிலும் மேசை போடுகிறோம். திண்டுக்கல் தம்பியின் மனைவி தானும் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் பள்ளியில் இப்போது ஆட்கள் போதுமான அளவு இருப்பதால், நாங்கள் இரண்டு பேரும் இந்த முறை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போகிறோம்.